கொய்னா மரமும் ஷேர் விலையும்: ஒரு காய்ச்சல் மருந்தின் கதை

1/
ஆயக்குடின்னு சொன்னா எல்லாருக்கும் கொய்யாதான் ஞாபகம் வரும். இன்னிக்கு நான் எழுதப் போறது கொய்யா பத்தி இல்லீங்க, கொய்னா பத்தி. நம்ம தாத்தா பாட்டி காலத்துல குளிர்காய்ச்சல் வந்தா கொடுப்பாங்களே, நாக்குல பட்டா நாள் பூரா கசக்குமே, அந்தக் குயினைன் மாத்திரை. அது எப்படி ஒரு கூல் டிரிங்க் ஆச்சு, அந்த கூல் டிரிங்க் எப்படி லண்டன் ஷேர் மார்க்கெட்டையே ஒரு ஆட்டு ஆட்டுச்சு, இதுக்கும் நம்ம பழனி மலைக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
ஏன் இப்ப இதை எழுதறேன்னா, கிளினிக்ல ரெண்டு கேள்வி திரும்பத் திரும்ப வருது. ஒண்ணு: "டானிக் வாட்டர் குடிச்சா மலேரியா வராதாமே டாக்டர், நிஜமா?" இன்னொண்ணு, செல்போன்ல ஷேர் ஆப் வச்சிருக்கற இளைஞர்கள் கேக்கறது: "வெயில் வருஷா வருஷம் கூடுது, கூல் டிரிங்க்ஸ் கம்பெனி ஷேர் வாங்கிப் போட்டா ஏறாதா சார்?" ரெண்டு கேள்விக்கும் பதில் ஒரே மரத்தோட வரலாத்துல இருக்கு.

3/
மரத்தோட பேரு சின்கோனா. பிறந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. காப்பிச் செடியோட அதே குடும்பம். (நம்ம கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்த மரம்தான்.) சின்கோனா பட்டையை இடிச்சுக் குடிச்சா குளிர்காய்ச்சல் நிக்கும்னு ஐரோப்பாக்காரங்களுக்கு 17-ஆம் நூற்றாண்டுலேயே தெரியும். அந்தப் பட்டைக்குள்ள இருக்கற மருந்தைத் தனியா பிரிச்சு எடுத்தது 1820-ல, பெல்த்தியே, கவான்தூ என்ற ரெண்டு பிரெஞ்சு மருந்தியலாளர்கள். அதுதான் குயினைன்.

4/
அந்தக் காலத்துல மலேரியான்னா என்னன்னு யாருக்கும் தெரியாது. கெட்ட காத்துனால வர்ற காய்ச்சல்னு நினைச்சாங்க. 'மலேரியா'ன்ற இத்தாலிய வார்த்தைக்கே கெட்ட காத்துன்னுதான் அர்த்தம். கொசு மூலமாதான் பரவுதுன்றதுக்கு முக்கியமான ஆதாரத்தை ரொனால்ட் ராஸ் கண்டுபிடிச்சது 1897-ல, செகந்திராபாத்துல. ஆனா ஒரு விஷயம் மட்டும் எல்லாரும் கவனிச்சு வச்சிருந்தாங்க: மலை அடிவாரத்துல காய்ச்சல் அதிகம், மலை உச்சியில காய்ச்சல் இல்லை.

5/
காரணம் இன்னிக்கு நமக்குத் தெரியும். அடிவாரத்து ஓடைத் தண்ணி, மலேரியா பரப்புற அனாபிலஸ் கொசு வளர நல்ல இடம். மேல போகப் போக குளிர் கூடுது. கொசுவுக்குள்ள மலேரியாக் கிருமி முழுசா வளர ஒரு அளவு வெதுவெதுப்பு வேணும். கொடைக்கானல் மாதிரி 2,100 மீட்டர் உயரத்துல அது கிடைக்காது. அதனாலதான் ஆயக்குடி, பாலசமுத்திரம் மாதிரி மலையோட காலடியில இருக்கற ஊருக்கும் மேல இருக்கற ஊருக்கும் காய்ச்சல் விஷயத்துல வித்தியாசம்.

6/
கொடைக்கானல்ன்ற ஊர் உருவானதே இந்தக் காய்ச்சல்னாலதான்னு சொல்லலாம். மதுரையில வேலை செஞ்ச அமெரிக்க மிஷனரிகள் நோய்ல அடுத்தடுத்து செத்துக்கிட்டு இருந்தாங்க. தப்பிக்க ஒரு மலை வேணும்னு முதல்ல திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போனாங்க. அந்த உயரம் பத்தலை, அங்கயும் காய்ச்சல் வந்துச்சு. அப்புறம்தான் 1845-ல கொடைக்கானல்ல 'சன்னிசைடு', 'ஷெல்டன்'னு ரெண்டு வீடு கட்டினாங்க. வெள்ளைக்காரங்களுக்கு மலை இருந்துச்சு. அவங்களை டோலியில தூக்கிட்டுப் போனவங்க திரும்ப அடிவாரத்துக்குத்தான் இறங்கி வந்தாங்க.

7/
காய்ச்சல் பிரிட்டிஷ் அரசுக்கும் பெரிய தலைவலி. குயினைன் வாங்கவே பெருஞ்செலவு. சரி, மரத்தையே கொண்டு வந்து இங்க நட்டுடலாம்னு கிளெமென்ட்ஸ் மார்க்கம்ன்றவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. 1860-ல செடிகளோட வந்தவர், எங்க நடலாம்னு தென்னிந்திய மலைகளைச் சுத்திப் பார்த்தார். நம்ம பழனி மலைக்கும் வந்தார். அவர் எழுதின பயண நூல்ல பழனி மலை பத்தி விவரமா இருக்கு.

8/
கடைசியில நீலகிரியைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. மார்க்கம் கொண்டு வந்த முதல் செடிகள் பிழைக்கல. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடார்லேர்ந்து அனுப்பின 'சிவப்புப் பட்டை' ரகம் 1861-ல ஊட்டிக்கு வந்து பிழைச்சுக்கிச்சு. ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கிட்டிருந்த மெக்ஐவர் அதைப் பெருக்கினார். தொட்டபெட்டா, நடுவட்டம்னு தோட்டம் விரிஞ்சுது. மலாயாப் பக்கத்துலேர்ந்து கொண்டு வந்த சீனக் கைதிகளை வச்சும் வேலை வாங்கினாங்க. நடுவட்டத்துல அந்தப் பழைய ஜெயில் கட்டிடம் இன்னும் நிக்குது.

9/
இப்ப ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சின்கோனா பட்டையில குயினைன் மட்டும் இல்ல. குயினிடின், சின்கோனிடின், சின்கோனின்னு இன்னும் மூணு மருந்து இருக்கு. 1866-ல அரசாங்கம் சென்னை, வங்காளம், பம்பாய் மூணு இடத்துலயும் டாக்டர்கள் குழு போட்டு, "இந்த நாலும் காய்ச்சலுக்கு எவ்வளவு வேலை செய்யுதுன்னு பாருங்க"ன்னு சொல்லிச்சு. இன்னிக்கு நாம கிளினிக்கல் ட்ரையல்னு சொல்றோமே, அதுக்கு ஒரு முன்னோடின்னு வச்சுக்கோங்க.

10/
சென்னைக் குழு 2,472 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேருக்குக் கேக்கலன்னா:
குயினிடின்: 6
குயினைன்: 7
சின்கோனிடின்: 10
சின்கோனின்: 23
அதாவது, கடைசி இடத்துல இருக்கற சின்கோனின்கூட ஆயிரத்துல 977 பேருக்குக் கேட்டிருக்கு. இன்னிக்கு இருக்கற மாதிரி ரத்தப் பரிசோதனை அப்ப கிடையாது, அதனால எண்களை அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனா முடிவு தெளிவு: நாலையும் கலந்தே மலிவா கொடுத்தாலும் ஏழைக்குக் காய்ச்சல் நிக்கும்.

11/
வங்காளத்துல அதைச் செஞ்சாங்க. டார்ஜிலிங் பக்கத்து மங்பூ தோட்டத்துல நாலு மருந்தும் கலந்த 'சின்கோனா பெப்ரிபியூஜ்' தயாரிச்சாங்க. 1892-லேர்ந்து குயினைன் பொட்டலத்தை ஒரு பைசாவுக்குத் தபால் ஆபீஸ்லயே வித்தாங்க. ஸ்டாம்பு வாங்கற இடத்துல காய்ச்சல் மருந்து! பொது சுகாதாரத்துல இதை ஒரு நல்ல பாடமா சொல்லுவேன். மருந்தைக் கண்டுபிடிச்சா மட்டும் போதாது, அது நோயாளியோட கைக்கு எட்டற விலையில, எட்டற தூரத்துல இருக்கணும்.

12/
ஆனா லண்டன் சந்தைக்கு இந்தக் கணக்கு தேவைப்படல. அங்க பட்டை ஏலம் போகும்போது ஒரே ஒரு கேள்விதான்: இதுல குயினைன் எத்தனை சதவீதம்? அந்த ஒரு சதவீதத்துக்கு இத்தனை பென்ஸ்னு விலை. மத்த மூணு மருந்துக்கும் கிட்டத்தட்ட மதிப்பே இல்ல. நீலகிரியோட சிவப்புப் பட்டையில மொத்த மருந்து நிறைய, குயினைன் கம்மி. நோயாளிக்கு நல்ல பட்டை, ஏலத்துல இரண்டாந்தரம். 'பிரீமியம்'ன்ற வார்த்தையை இந்த இடத்துல ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

13/
இதே காலத்துலதான் மருந்து பானமா மாறுது. குயினைன் தாங்க முடியாத கசப்பு. அதைச் சோடாவுலயும் சர்க்கரையிலயும் கலந்து குடிச்சா இறங்கும். 1858-ல லண்டன்ல எராஸ்மஸ் பாண்ட் என்பவர் டானிக் வாட்டருக்கு முதல் காப்புரிமை வாங்கினார். 1870-ல சுவெப்ஸ் கம்பெனி 'இந்தியன் குயினைன் டானிக்'னு பாட்டில் போட்டு வித்தது. பேர்லயே இந்தியா. காய்ச்சல் நாட்டுல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பின வெள்ளைக்கார துரைகள்தான் வாடிக்கையாளர்கள். அதோட ஜின் சேர்ந்தது அப்படியே உலகம் பூரா பரவிடுச்சு.

14/
இப்ப கடல் தாண்டி இலங்கைக்குப் போவோம். ஷேர் கேள்விக்கான பதில் அங்கதான் தொடங்குது.
1861-ல நுவரெலியா பக்கத்து ஹக்கலவுல அரசாங்கம் சின்கோனாத் தோட்டம் வச்சது. காப்பி துரைமார்களுக்கு "செடி தர்றோம், நட்டுப் பாருங்க"ன்னு சொல்லிச்சு. பெரும்பாலானவங்க சீந்தவே இல்லை. காப்பியிலயே காசு கொட்டிக்கிட்டு இருக்கும்போது மருந்து மரம் யாருக்கு வேணும்?

15/
1869-ல காப்பி இலையில ஆரஞ்சு நிறத்துல ஒரு துரு நோய் தெரிஞ்சுது. அடுத்த பத்துப் பதினஞ்சு வருஷத்துல இலங்கைக் காப்பியை அது தின்னே தீர்த்துடுச்சு. கடன் வாங்கித் தோட்டம் போட்டவங்க தவிச்சுப் போனாங்க. அப்பதான் ஓரமா நின்ன சின்கோனா கண்ணுல பட்டுச்சு. 1880 வாக்குல குயினைன் அவுன்ஸ் 10 ஷில்லிங்குக்கு மேல வித்தது. உடனே எல்லாரும் ஒரே நேரத்துல சின்கோனா நட ஆரம்பிச்சாங்க. 1883-ல இலங்கையில சின்கோனா பரப்பு சுமார் 64,000 ஏக்கர்.

16/
நட்டது, களை எடுத்தது, பட்டை சீவினது எல்லாம் யாரு? நம்ம ஆளுங்கதான். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம் பக்கத்துலேர்ந்து கங்காணி பின்னால போனவங்க. திண்டுக்கல், பழனி எல்லாம் அப்ப மதுரை மாவட்டம். கரையிலேர்ந்து படகு, மன்னார்லேர்ந்து காட்டு வழி நடை. அந்தப் பாதையிலேயே காய்ச்சல்லயும் வாந்திபேதியிலயும் விழுந்தவங்களுக்குக் கணக்கே சரியா கிடையாது. காய்ச்சல் மருந்து மரத்தை வளர்க்கப் போனவங்க காய்ச்சல்ல செத்தாங்க. இதை எழுதும்போதே கஷ்டமா இருக்கு.

17/
1881-ல கொழும்புல 'டிராப்பிகல் அக்ரிகல்ச்சரிஸ்ட்'னு ஒரு மாத இதழ் ஆரம்பிச்சாங்க. சிலோன் அப்சர்வர் நடத்தின பெர்குசன் குடும்பம்தான் நடத்தினது. அதைப் புரட்டினீங்கன்னா இன்னிக்கு ஷேர் வாங்கறவங்க பேசிக்கற பேச்சு அப்படியே இருக்கும். எந்த ரகம் நல்ல ரகம்? பட்டையை இப்பவே சீவி விக்கலாமா, இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கலாமா? லண்டன் விலை எவ்வளவு? ஜாவாக்காரன் எத்தனை மரம் வச்சிருக்கான்? எல்லாரும் படிச்சவங்க, கணக்குத் தெரிஞ்சவங்க. முட்டாள்தனமான பேச்சு இல்ல.

18/
ஆனா அத்தனை கணக்குலயும் ஒரு ஓட்டை. ஒவ்வொருத்தரும் தன் தோட்டத்துக் கணக்கை இன்னிக்கு விலையில போட்டாங்க. பக்கத்துத் தோட்டக்காரனும் அதே கணக்கைப் போட்டு அதே மரத்தை நடறான்றது அந்தக் கணக்குக்குள்ள வரல. மரம் பட்டைக்கு வர்றதுக்குச் சில வருஷம் ஆகும். அதனால 1880-ல போட்ட முடிவோட பலன் 1886-ல எல்லாருக்கும் ஒண்ணா வந்துச்சு. அந்தச் சமயத்துல இலங்கையிலேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு எடை பட்டை கப்பல் ஏறிச்சு.

19/
விலை சரிஞ்சுது. சரிஞ்சதும் "போதும்டா சாமி"ன்னு மரத்தைப் பிடுங்கிட்டுத் தேயிலை வைக்க ஆரம்பிச்சாங்க. இங்கதான் இன்னொரு சிக்கல். மரத்தைப் பிடுங்கினா பட்டையைச் சும்மா எரிக்க முடியுமா? அதையும் உரிச்சு விப்பாங்க. அதாவது, வெளியேறுறவங்களே சந்தையில இன்னும் சரக்கைக் கொட்டினாங்க. விலை இன்னும் விழுந்துச்சு. 1890-களில் அதே குயினைன் அவுன்ஸ் 2 ஷில்லிங்குக்கும் கீழ. நடுவுல 1884-ல, தோட்டக்காரங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷனும் திவாலாச்சு.

20/
ஜெயிச்சது யாரு? டச்சுக்காரங்க. சார்லஸ் லெட்ஜர்னு ஒரு வியாபாரி, மானுவேல் இன்க்ரா மமானின்ற பொலிவியப் பழங்குடி வேலையாள் பொறுக்கிக் கொடுத்த விதையை 1865-ல வித்தார். முதல்ல பிரிட்டிஷ் அரசுகிட்டதான் கேட்டார், அவங்க வேண்டாம்னுட்டாங்க. டச்சு அரசு ஒரு பவுண்டு விதையைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவுல விதைச்சது. அந்த ரகத்துல குயினைன் 10 சதவீதத்துக்கும் மேல. உலகக் குயினைன் சந்தை ஜாவா கைக்குப் போச்சு. விதை பொறுக்கின மமானியைப் பொலிவியாவுல சிறையில போட்டு அடிச்சாங்க, அதுக்கப்புறம் அவர் ரொம்ப நாள் உயிரோட இல்லை.

21/
விலை விழுந்தா நோயாளிக்கு நல்லதுதானேன்னு தோணும். கொஞ்ச காலம் நல்லதாத்தான் இருந்துச்சு. அப்புறம் 1913-ல ஜாவா தோட்டக்காரங்களும் குயினைன் கம்பெனிகளும் ஒப்பந்தம் போட்டு, ஆம்ஸ்டர்டாம்ல 'கினா பீரோ'ன்னு ஒண்ணு மூலமா விலையைத் தாங்கிப் பிடிச்சாங்க. விலையைச் சேர்ந்து ஏத்தறாங்கன்னு அமெரிக்க அரசாங்கமே 1928-ல அவங்க மேல வழக்குப் போட்டது.

22/
1934-35. இலங்கையில மழை பொய்ச்சு, ஆறெல்லாம் குட்டை குட்டையாத் தேங்கிக் கொசு பெருகிச்சு. வழக்கமா மலேரியா குறைவா இருக்கற கேகாலை, குருணாகல் பக்கம் காய்ச்சல் காட்டுத்தீயாப் பரவிச்சு. சுமார் 80,000 பேர் செத்தாங்க. பெரும்பாலும் பட்டினியில இருந்த கிராமத்து ஜனங்க, குழந்தைங்க. அரை நூற்றாண்டுக்கு முன்னால உலகத்துக்கே சின்கோனாப் பட்டை அனுப்பின தீவு அது. அந்த மரம் நின்ன மலையில இப்ப தேயிலை. மருந்தை வெளியிலேர்ந்து வாங்கித்தான் கொடுக்கணும்ன்ற நிலைமை.

23/
நம்ம பக்கமும் அதே கதைதான். 1942-ல ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் உலகத்துக்கே குயினைன் பஞ்சம். சென்னை அரசாங்கம் அவசரமா ஆனைமலையில சின்கோனா பரப்பைக் கூட்டிச்சு. வால்பாறை பக்கத்துல 'சின்கோனா'ன்னே ஒரு இடம் இருக்கு, போயிருப்பீங்க. இப்ப அங்க இருக்கறது டான்டீயோட தேயிலை. டான்டீ யாருக்காக உருவாச்சு? இலங்கையிலேர்ந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க. கங்காணி பின்னால போனவங்களோட பேரப் பிள்ளைங்களுக்கு! ஒரு மரத்தைச் சுத்தி ஒரு ஜனமே போய்ட்டு வந்திருக்கு.

24/
இப்ப ஷேருக்கு வருவோம். 2005-ல லண்டன்ல சார்லஸ் ரோல்ஸ், டிம் வாரிலோ ரெண்டு பேரும் ஒரு டானிக் வாட்டர் கொண்டு வந்தாங்க. பேரு 'பீவர் ட்ரீ', காய்ச்சல் மரம். சின்கோனாதான். இவங்க யோசனை எளிமை: ஒரு டம்ளர் ஜின்-டானிக்ல முக்கால்வாசி டானிக்தான். ஜின்னுக்கு அவ்வளவு காசு கொடுக்கறவன் டானிக்கை மட்டும் ஏன் மட்டமா வாங்கணும்? குயினைனைக் காங்கோவிலேர்ந்து வாங்கினாங்க. சின்னக் கண்ணாடி பாட்டில், கூடுதல் விலை, 'பிரீமியம்'. சொந்தமா தொழிற்சாலைகூட வச்சுக்கல, தயாரிப்பை வெளியே கொடுத்துட்டாங்க.

25/
2014 நவம்பர்ல லண்டனோட சின்னக் கம்பெனிகளுக்கான ஷேர் சந்தையில பட்டியலுக்கு வந்தாங்க. ஒரு ஷேர் 1 பவுண்டு 34 பென்ஸ். பிரிட்டன்ல ஜின் மோகம் உச்சத்துல இருந்த நேரம். சாதாரண சிறு முதலீட்டாளர்கள் விழுந்து விழுந்து வாங்கினாங்க. அந்தச் சந்தையில சில ஷேர்களுக்கு வாரிசு வரிச் சலுகை உண்டு, அதுவும் ஒரு காரணம். 2018 செப்டம்பர்ல விலை 40 பவுண்டை நெருங்கிச்சு. ஆரம்பத்துல 10,000 ரூபாய் போட்டவருக்கு கிட்டத்தட்ட 3 லட்சம்.

26/
அப்போ முதலீட்டாளர்கள் பேசிக்கிட்டது என்ன? அமெரிக்காவுல எத்தனை பேர் ஜின் குடிப்பாங்க, ரம்முக்கும் விஸ்கிக்கும் தனித்தனியா பாட்டில் போட்டா எவ்வளவு விக்கும், லாப விகிதம் எவ்வளவு... எல்லாம் நியாயமான கணக்கு. ஆனா டானிக் வாட்டர்ல ரகசியம் ஒண்ணும் கிடையாது. சுவெப்ஸே '1783'ன்னு தன் பிறந்த வருஷத்தைப் பேரா வச்சு ஒரு பிரீமியம் வரிசை இறக்கிச்சு. சூப்பர் மார்க்கெட்டுகளும் சொந்த டானிக் போட்டாங்க. அப்புறம் ஜின் மோகமும் தணிஞ்சுது.

27/
2020 ஜனவரியில விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லன்னு கம்பெனி சொன்ன அன்னிக்கு ஒரே நாள்ல விலை சுமார் கால் பங்கு விழுந்துச்சு. 2022-ல கப்பல் வாடகை ஏறிச்சு. உக்ரைன் போர்னால எரிவாயு விலை ஏற, அதை எரிச்சுச் செய்யற கண்ணாடி பாட்டில் விலையும் ஏறிச்சு. பெருமையா காட்டின பாட்டிலே சுமை ஆச்சு. அந்த வருஷம் ஷேர் 10 பவுண்டுக்கும் கீழ போச்சு. உச்சத்துல 10,000 ரூபாய் போட்டவர் கையில 2,500-கூட இல்ல. இத்தனைக்கும் கம்பெனி மோசடி பண்ணல, திவாலாகல, நல்ல சரக்குதான் வித்தது. 2025-ல மோல்சன் கூர்ஸ் என்ற பெரிய பீர் கம்பெனி அதுல 8.5 சதவீதம் வாங்கிச்சு.

28/
1886-ஐயும் 2018-ஐயும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு தடவையும் மரம் பொய் இல்ல, மருந்து பொய் இல்ல, பானம் பொய் இல்ல. விலைதான் தப்பு. 'இன்னிக்கு இந்தப் பொருள் அபூர்வம், அதனால என்னிக்கும் அபூர்வம்'னு நினைச்சாங்க. நல்ல லாபம் இருக்கற இடத்துக்குப் பத்து பேர் வருவான். அவன் வர்றதுக்குச் சில வருஷம் பிடிக்கும். அந்தச் சில வருஷ அமைதியைத்தான் நாம நிரந்தரம்னு நம்பிடறோம்.

29/
நம்ம நாட்டு உதாரணம் சொல்லுங்க சார்னு கேப்பீங்க. பொவண்டோ தயாரிக்கற காளிமார்க், 1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச குடும்ப கம்பெனி, ஷேர் பட்டியல்லயே இல்ல. பெப்சியை பாட்டில்ல அடைக்கற வருண் பெவரேஜஸ் 2016-ல 445 ரூபாய்க்கு வந்துச்சு, நல்லாவே ஏறிச்சு. அப்புறம் 2023-ல ரிலையன்ஸ் பழைய காம்பாவைத் தூசி தட்டி 10 ரூபாய் பாட்டில்ல இறக்கினதும் எல்லாரும் அந்த லாபத்தைத் திரும்பக் கணக்குப் போட வேண்டி வந்துச்சு. 2015-ல 320 ரூபாய்க்கு வந்த மாம்பழ பானக் கம்பெனி மன்பசந்த் பெவரேஜஸ், 2018-ல ஆடிட்டர் திடீர்னு விலகினதும் சரிஞ்சது எழவே இல்ல. வெயில் எல்லா வருஷமும் அடிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. வெயில் வேற, ஷேர் வேற.

30/
நம்ம ஊர் விவசாயிக்கு இதெல்லாம் புதுசு இல்ல. கொய்யா சீசன்ல எல்லார் தோட்டத்துலயும் ஒண்ணா பழுத்தா ஆயக்குடி சந்தையில பெட்டி என்ன விலைக்குப் போகும்னு அவங்களைக் கேளுங்க. சாறு, கூழ் எடுக்கற ஒரு தொழிற்சாலை வேணும்னு எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்காங்க. அதுவும் இதே பாடம்தான்: விலை விழற நேரத்துல சரக்கைத் தாங்கிக்க ஒரு இடம் வேணும். (100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு. ஆரஞ்சைப் போல மூணு நாலு மடங்கு. எந்தப் பிரீமியம் பாட்டில்லயும் இது கிடைக்காது.)

31/
இப்ப முதல் கேள்விக்குப் பதில். டானிக் வாட்டர் குடிச்சா மலேரியா தீராது, வராமலும் தடுக்காது. அமெரிக்காவுல ஒரு லிட்டர் டானிக்ல அதிகபட்சம் 83 மில்லிகிராம் குயினைன்தான் அனுமதி. மலேரியாவுக்கு ஒரு பெரியவருக்கு நாங்க கொடுக்கற அளவு ஒரு நாளைக்கு 1,800 மில்லிகிராம், ஏழு நாள். அதாவது தினம் 21 லிட்டருக்கும் மேல டானிக் குடிக்கணும். அதுல இருக்கற சர்க்கரையே உங்களைப் படுக்க வச்சிடும். இப்ப மலேரியாவுக்கு இதைவிட நல்ல, பாதுகாப்பான மருந்துகள் இருக்கு. கடுமையான மலேரியாவுக்கு முதல் மருந்து ஆர்டிசுனேட் ஊசி.

32/
கால் பிடிப்புக்கு டானிக் வாட்டர் நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வருதே, அதையும் நம்பாதீங்க. குயினைன் சிலருக்கு ரத்தத் தட்டணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும், இதயத் துடிப்பையும் பாதிக்கும். கால் பிடிப்புக்கு இதை எடுக்காதீங்கன்னு அமெரிக்க மருந்துத் துறையே பல தடவை எச்சரிச்சிருக்கு. கர்ப்பிணிகள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவங்க, ஏற்கெனவே குயினைன் ஒத்துக்காதவங்க டானிக்கைத் தவிர்க்கறதே நல்லது. மத்தவங்க ருசிக்கு ஒரு கிளாஸ் குடிச்சா தப்பில்ல. மருந்துன்னு நினைச்சுக் குடிக்காதீங்க.

33/
வேலைக்கோ சுற்றுலாவுக்கோ மலேரியா இருக்கற ஊருக்குப் போய்ட்டு வந்து குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா, மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தத்தடவல் பரிசோதனை இலவசம். மருந்தும் இலவசம். இந்த 'இலவசம்'ன்ற வார்த்தைக்குப் பின்னால எத்தனை சாவு இருக்குன்னு மேல படிச்சீங்கல்ல?

34/
இலங்கை 2016-ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட சான்று வாங்கிச்சு. 80,000 பேரைப் பறிகொடுத்த அதே தீவு! வீடு வீடாப் போன மலேரியாப் பணியாளர்கள், ரத்தம் பார்த்த ஆய்வகங்கள், இலவச மருந்து, விடாம பல வருஷம் நடந்த வேலை. பட்டை விலை ஏறினதாலயோ இறங்கினதாலயோ நடந்தது இல்ல அது.

35/
ஷேர் வாங்குங்க, வேண்டாம்னு சொல்ல நான் யார்? அந்தத் துறை ஆளும் நான் இல்ல. ஆனா வாங்கறதுக்கு முன்னால இலங்கை துரைமார் கேக்க மறந்த கேள்வியைக் கேட்டுடுங்க: "இதே கணக்கை இந்நேரம் இன்னும் எத்தனை பேர் போட்டுக்கிட்டு இருக்கான்? அவன் சரக்கும் சந்தைக்கு வரும்போது என்ன விலை?" பிள்ளைங்க படிப்புக்கு வச்ச பணத்தையும் ஆஸ்பத்திரிக்கு வச்ச பணத்தையும் அதுல போடாதீங்க. இது மட்டும் டாக்டரா சொல்றேன். பில் கட்ட முடியாம ஷேரை அடிமாட்டு விலைக்கு வித்துட்டு வர்ற குடும்பங்களைப் பார்க்கறவன் நான்.

உபயோகமா இருந்தா பகிருங்க. உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கொய்னா மாத்திரை பத்தியோ, சிலோன் தோட்டத்துக்குப் போனவங்க பத்தியோ கேட்டுப் பார்த்து இங்க எழுதுங்க. அந்தக் கதையெல்லாம் அவங்க இருக்கும்போதே கேட்டு வச்சுக்கணும்.